பட்டமளிப்பு மேடையில் நான் சொல்லாமல் விட்ட வார்த்தை

முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், பக்கத்து ஊர் மகளிர் கல்லூரி ஒன்றில் மகளிர் தினத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். அப்போது நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளர். கல்லூரியின் சம்பளக் கணக்கெல்லாம் எங்கள் கிளையில்தான் இருந்தது, அதனால்தான் கூப்பிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அதில் ஒன்றும் வருத்தமில்லை. தலைப்பு 'விடாமுயற்சியே வெற்றி'. நாலு நாள் உட்கார்ந்து தயார் செய்தேன். இரண்டு நோபல் வாங்கிய மேரி கியூரி, விண்வெளிக்குப் போன கல்பனா சாவ்லா, டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, நடுவில் முயற்சி என்றாலே எல்லோரும் எடுத்துவிடுகிற அந்த 619-வது குறள், முடிவில் கலாமின் கனவு. குறளை நான் பாதி சொன்னதுமே அரங்கம் மீதியைச் சொல்லி முடித்தது. அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், 'சீக்கிரம் முடிங்க' என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வழி இருக்கவில்லை. நாற்பது நிமிடம் பேசினேன்.

பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் வாங்கிக்கொண்டு கை கழுவப் போன இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். மூன்றாமாண்டு, கையில் கழுவாத டிபன் பாக்ஸ்.

"மேம், நல்லா பேசுனீங்க. ஒண்ணு கேக்கலாமா? விடாம முயற்சி பண்ணணும்னு சொன்னீங்கல்ல, எதை மேம்? எனக்கு ஜூன்ல கல்யாணம் வச்சிட்டாங்க."

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் "வீட்ல பேசிப் பாரும்மா, படிப்பை மட்டும் விட்டுறாத" என்று ஏதோ சொன்னேன். சரிங்க மேம் என்று தலையாட்டிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அந்த நாற்பது நிமிடப் பேச்சில் அவளுக்கு என்று ஒரு வரி இருக்கவில்லை என்பது காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் ரொம்ப நாள் அந்தக் கேள்வி போகவே இல்லை. ஒரு நாள் தோன்றியது: நம் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து 'விடாதே, தாக்குப் பிடி' என்று சொன்னால் அவள் காதில் விழுவது 'பொறுத்துப் போ' என்பதுதான். பிறந்ததிலிருந்து அதைத்தானே கேட்டு வளர்கிறாள். பொறுத்தார் பூமி ஆள்வார், அனுசரிச்சுப் போ, கொஞ்சம் விட்டுக்கொடு. மேடையில் நின்று நான் விடாமுயற்சி, விடாமுயற்சி என்று முழங்கும்போது, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய அம்மாகூட 'ஆமா, அந்த மேடம் சரியாத்தான் சொல்றாங்க' என்று நினைத்திருப்பார். இருவரும் வேறு வேறு விஷயத்துக்குத் தலையாட்டியிருக்கிறோம்.

இந்த நினைப்போடு இருந்தபோதுதான் இன்னொரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை பட்டமளிப்பு விழா. ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் சம்பளக் கணக்குக்காகக் கூப்பிடவில்லை என்ற சின்னச் சந்தோஷமும் இருந்தது. உடனே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட ராத்திரியே பயம் வந்துவிட்டது.

என் மகள்தான் சொன்னாள், "அமெரிக்காவில பட்டமளிப்புப் பேச்சுன்னா ஒரு பெரிய கலையாவே வச்சிருக்காங்கம்மா, நாலைஞ்சு படிச்சுப் பாரு." சலிப்போடுதான் ஆரம்பித்தேன். இரண்டு பேச்சுகளில் சிக்கிக்கொண்டேன்.

முதலாவது, 1990 ஜூன் 1 அன்று பாஸ்டன் பக்கத்திலுள்ள வெல்லஸ்லி மகளிர் கல்லூரியில் பார்பரா புஷ் பேசியது. அப்போது அவர் கணவர் அமெரிக்க அதிபர். அவர் வரக்கூடாது என்று கடைசி ஆண்டு மாணவிகள் சுமார் 600 பேரில் 150 பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். காரணம் நியாயமானதுதான்: புருஷன் பேரால் பேர் வாங்கியவர், சுயமாகச் சம்பாதித்து நிற்கப் போகிற எங்களுக்கு எப்படி முன்மாதிரி? அந்தம்மா கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவரும்கூட. யோசித்துப் பாருங்கள், உங்களை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கூட்டத்துக்கு நடுவே மைக்கைப் பிடிக்க வேண்டும். நானாக இருந்தால் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்திருப்பேன்.

அவர் செய்த முதல் வேலை, கோபத்தையோ சமாதானத்தையோ கையில் எடுக்காமல் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டது. மாணவிகள் முதலில் கேட்டிருந்தது ஊதா நிறத்தைத் தலைப்பில் கொண்ட நாவலுக்குப் பேர்போன ஓர் எழுத்தாளரை. அது எனக்குத் தெரியும், ஆனால் உங்களுக்குக் கிடைத்திருப்பதோ தலைமுடியின் நிறத்துக்குப் பேர்போன நான், என்கிற மாதிரி சொன்னார். அவருடைய வெள்ளைத் தலை அந்த நாட்டில் அவ்வளவு பிரபலம். எதிராளி உங்களைப் பற்றிச் சொல்லப் போகிற குறையை நீங்களே முந்திக்கொண்டு சிரிப்போடு சொல்லிவிட்டால், அப்புறம் அவர்கள் கையில் எறியக் கல் இருக்காது. நம் ஊர்ப் பட்டிமன்ற நடுவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அதன் பிறகு ஒரு கதை. பாதிரியார் ஒருவர் குழந்தைகளை ராட்சசர், மந்திரவாதி, குள்ளர் என்று மூன்று கூட்டமாகப் பிரியச் சொல்கிறார். ஒரு சின்னப் பெண் அவர் கால்சட்டையை இழுத்து, கடற்கன்னிகள் எங்கே நிற்பது என்று கேட்கிறாள். கடற்கன்னி என்று ஒன்று இல்லையே என்கிறார். இருக்கிறதே, நான்தான் அது, என்கிறாள். அவ்வளவுதான் கதை. நான் நாற்பது நிமிடம் முழங்கி உண்டாக்க முடியாததை அந்தப் பொடிசு கால்சட்டையை இழுக்கிற இழுப்பு செய்துவிடுகிறது. அவள் அழவில்லை, விளையாட்டை விட்டுப் போகவில்லை, மூன்றில் ஒன்றுக்குள் தன்னைத் திணித்துக்கொள்ளவும் இல்லை. எங்கே நிற்பது என்று மட்டும் கேட்டாள். பொறுத்துப் போவதற்கும் விடாமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன் இல்லையா, எனக்கு அது அந்தப் பிள்ளையிடம் கிடைத்தது.

வெல்லஸ்லியில் வளையம் உருட்டும் போட்டி ஒன்று வழக்கம். ஜெயிக்கிறவளுக்கு முதலில் கல்யாணம் ஆகும் என்பது பழைய நம்பிக்கை, பின்னாளில் அவள்தான் முதலில் ஒரு கம்பெனிக்குத் தலைவி ஆவாள் என்று மாற்றிக்கொண்டார்கள். இரண்டும் வேண்டாம், ஜெயிக்கிறவள் தன் சொந்தக் கனவை முதலில் அடைபவள் என்று வைத்துக்கொள்வோம் என்றார் பார்பரா. வெளியிலிருந்து வந்தவர், அந்தக் கல்லூரியின் உள்வீட்டுச் சடங்கைத் தெரிந்துகொண்டு வந்து பேசுகிறார், அதுவும் அவர்களே யோசிக்காத ஒரு திருத்தத்தோடு. இதைப் படித்ததும் நான் செய்தது, எனக்கு அழைப்பு அனுப்பிய கல்லூரியின் துறைத்தலைவி ஒருவருக்குப் போன் போட்டு, "உங்க பிள்ளைங்க மத்தியில மட்டும் பேசிக்கிற விஷயம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க மேடம்" என்று கேட்டது. என்ன கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முடிவுதான் உச்சம். இந்தக் கூட்டத்தில் ஒருவர் என் வழியைப் பின்பற்றி அதிபரின் வாழ்க்கைத்துணையாக வெள்ளை மாளிகைக்குப் போகலாம் என்று சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, 'அவருக்கு என் வாழ்த்துகள்' என்று முடித்தார். ஆங்கிலத்தில் அந்த 'அவர்' ஆண்பால். அதாவது அதிபராகப் போகிறவள் உங்களில் ஒருத்தி. எதிர்த்தவர்களும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன், படுத்துவிட்டது. நம் 'அவர்' ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது, பூட்டே திறக்காது. 'அவனுக்கு' என்றால் மரியாதையில்லை. கடைசியில் 'அந்த மாப்பிள்ளைக்கு என் வாழ்த்துகள்' என்று போட்டபோதுதான் சமையலறையிலிருந்து என் மகள் சிரித்தாள். வெளியூர்ப் பேச்சிலிருந்து வரியை எடுக்கக் கூடாது, அது எங்கே பூட்டித் திறக்கிறது என்பதை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்தப் பேச்சில் எனக்கு ஒட்டாத இடமும் உண்டு. வாழ்க்கையின் முடிவில், இன்னொரு பரீட்சையில் தேறவில்லையே, இன்னொரு வழக்கில் ஜெயிக்கவில்லையே, இன்னொரு வியாபாரத்தை முடிக்கவில்லையே என்று வருந்த மாட்டீர்கள், கணவர், பிள்ளை, நண்பர், பெற்றோரோடு செலவழிக்காத நேரத்துக்குத்தான் வருந்துவீர்கள் என்கிறார். மூன்று 'இல்லையே', எதிரே நாலு ஆள். கட்டுமானம் அருமை, காதில் தேன். ஆனால் இந்த வரியை ஆண்கள் கல்லூரியில் யாராவது சொல்வார்களா? சொந்தப் பிள்ளையைத் தகப்பன் பார்த்துக்கொள்வதற்கு 'பேபி சிட்டிங்' என்று பேர் கிடையாது என்று அதே பேச்சில் ஆண்களையும் ஒரு தட்டுத் தட்டுகிறார்தான், இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் கசந்தது. மகன் பத்தாவது படிக்கும்போது பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அதற்காகவும் வருந்தவில்லை, அப்புறம் பரீட்சை எழுதியதற்காகவும் வருந்தவில்லை.

இரண்டாவது பேச்சு, 2012 மே மாதம் நியூயார்க்கில் பார்னார்ட் மகளிர் கல்லூரியில் ஒபாமா பேசியது. மூன்று அறிவுரை சொல்கிறார். மேஜையில் உங்களுக்கு ஓர் இடத்துக்காகப் போராடுங்கள், முடிந்தால் மேஜையின் தலைமாட்டு நாற்காலிக்கே போராடுங்கள் என்பது ஒன்று. உங்களைப் பார்த்து வேறொருத்தி எழுவாள், அந்த பலத்தைக் குறைவாக எடை போடாதீர்கள் என்பது ஒன்று. மூன்றாவதுதான் நம்முடைய விஷயம், விடாதீர்கள் என்பது. அந்த வார்த்தையை இரண்டு தடவை அடுத்தடுத்துச் சொல்கிறார், பெரிய ஆள் யாரும் தோல்வியைத் தப்பியதில்லை என்று இரண்டு வரி. இதுவரை என் பழைய பேச்சுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆனால் சொன்ன கையோடு தன் கதைக்குப் போய்விடுகிறார்.

இளைஞனாகச் சிகாகோவில் சமூக வேலைக்குப் போனபோது, தெருச் சண்டைக் கும்பல்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டிருக்கிறார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் வயதானவர்கள் சிலர் உள்ளே வந்து உட்காருகிறார்கள். ஒரு பாட்டி கையைத் தூக்கிக் கேட்கிறார்: பிங்கோ ஆட்டம் இங்கேதானே? பிங்கோ என்றால் நம் ஊர் தம்போலா மாதிரி. இதை அமெரிக்க அதிபர் சொல்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். கூட இருந்த தொண்டர்கள் நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்கிறார்கள். அவருக்கும் அலுத்துப் போயிருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே காலி மனையில் சில பையன்கள், பலகை அடித்து மூடிய ஒரு கட்டிடத்தின் மேல் கல்லெறிந்துகொண்டிருக்கிறார்கள். தொண்டர்களிடம் திரும்பி, விலகுவதற்கு முன் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள், நாம் போய்விட்டால் அந்தப் பையன்கள் கதி என்ன என்று கேட்கிறார்.

இந்த இடத்தை நாலைந்து தடவை படித்தேன். அவர் 'விலகாதீர்கள்' என்று சொல்லவில்லை. நாளைக்கு யாருக்காகத் திரும்பி வருவாய் என்று கேட்கிறார். டிபன் பாக்ஸ் பெண் என்னிடம் கேட்ட 'எதை மேம்?' இதுதான். இன்னொன்றும் கண்ணில் பட்டது. தோல்வியைச் சொல்லும்போது 'பல இன்னல்களைக் கடந்தேன்' என்று மொத்த வியாபாரமாகச் சொல்லாமல், ஒரே ஒரு சாயங்காலம், ஒரு பாட்டி, ஒரு ஜன்னல் என்று சில்லறையாகச் சொல்கிறார்.

அதே பேச்சில் தன் பாட்டியைப் பற்றியும் வருகிறது. வங்கியில் படிப்படியாக மேலே வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் போகமுடியாமல், தான் பயிற்சி கொடுத்த ஆண்களே தன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். என் கதையை ஹவாயில் யாரோ எனக்கு முன்பே வாழ்ந்து முடித்திருக்கிறார்.

சரி, இனி என் பேச்சு. எழுத உட்கார்ந்தபோது முதலில் பழைய காகிதத்தை எடுத்துச் சிவப்பு மையால் அடித்தேன். மேரி கியூரி போனார். முத்துலெட்சுமி ரெட்டியை விட மனசு வரவில்லை, அவர் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய விஷயத்தை எல்லா மேடையிலும் சொல்லி, கேட்கிற பிள்ளை 'அவங்க வேற, நான் வேற' என்று ஆகிவிட்டது. ஆனால் அவர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது, ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பி, மன்னர் தலையிட்டு அனுமதித்த கதையைச் சொன்னால் அவர் தூணிலிருந்து இறங்கிப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். அதை இரண்டே வரியில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் 'நாங்கள்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்தேன். 'நாங்கள்லாம் அந்தக் காலத்துல' என்று வாயெடுத்ததுமே எதிரே உட்கார்ந்திருப்பவள் வெளியே போய்விடுகிறாள். 'நாம' என்றால் உள்ளே வருகிறாள். இந்த வசதி ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்குக் கிடையாது, நமக்கு ஓசியில் கிடைத்திருக்கிறது, பயன்படுத்துவதில்லை. 'பெண்கள் சாதிக்க வேண்டும்' மாதிரி வாக்கியங்களையும் எடுத்துவிட்டு 'நீங்க' என்று மாற்றினேன். கடைசியாக 'விடாமுயற்சி' என்ற வார்த்தையையே எடுத்தேன். தலைப்பிலிருந்தும்.

ஒத்திகைக்கு என் அண்ணிதான் ஆள். பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர், மொச்சை உரித்துக்கொண்டே கேட்பார். நான் எந்த இடத்தில் நிறுத்தும்போது "அப்புறம்?" என்று நிமிர்ந்தாரோ அதை வைத்துக்கொண்டேன், எந்த இடத்தில் மொச்சையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாரோ அதை வெட்டினேன். இருபத்தைந்து நிமிடம் பன்னிரண்டு ஆனது. பார்பரா புஷ் பேச்சும் படித்துப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் வராது. போனில் பதிவு செய்து கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. முக்கியமான வரிக்குப் பிறகு நான் பயத்தில் வேகமாக அடுத்த வரிக்கு ஓடுகிறேன். காகிதத்தில் அந்த இடங்களில் 'தண்ணி குடி' என்று எழுதி வைத்தேன். நிஜமாகவே டம்ளரை எடுத்துக் குடித்தேன், மூன்று தடவை.

விழா நாள். துறைத்தலைவி போனில் சொன்ன விஷயம் இப்போது புரிந்தது. "மேடம், இவங்க படிச்சு முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. பாதிப் பேர் கைக்குழந்தையோட வருவாங்க. கவுனைப் போட்டுட்டு யாரு பிள்ளைய யாரு வச்சிக்கிறதுன்னு ஒரு முறையே போட்டுருக்காங்க, வாட்ஸாப்ல." வாடகைக் கறுப்பு அங்கி, தோளில் துறைக்கு ஒரு நிறத்தில் துணி, அதற்குக் கீழே புதுத் தாலிச் சரடு மினுங்குகிற கழுத்து. வணிகவியல் வரிசையில் ஒரு பெண் மேடைக்கு ஏறும் முன் மடியிலிருந்த குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து, அதே வேகத்தில் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பட்டத்தின் ஓரம் குழந்தையின் வாயில். வெளிநாட்டுப் பேச்சுகளெல்லாம் இனிமேல் வாழ்க்கையைத் தொடங்கப் போகிறவர்களுக்கு எழுதியவை. என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஒரு வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டவர்கள்.

அதனால் அந்த வாட்ஸாப் முறையிலிருந்தே ஆரம்பித்தேன். "இன்னிக்கு யாரு பிள்ளை யாரு மடியிலன்னு ஒரு லிஸ்ட் போட்டீங்களாமே, அதுல எனக்கு ஒரு பிள்ளை ஒதுக்கவே இல்லையே" என்றேன். முன்வரிசை சிரித்தது, பிரின்சிபால் திரும்பிப் பார்த்தார். "நான் சிறப்பு விருந்தினர்னு அழைப்பிதழ்ல போட்டுருக்கு. ரெண்டு தடவை புரமோஷன் இன்டர்வியூல தோத்ததைப் போட மறந்துட்டாங்க" என்றேன். இது பார்பராவிடமிருந்து களவாடியது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் 2004-இல் ஒரு சாயங்காலம். நான் கிளார்க். இரண்டாவது தடவையாக முடிவு வந்திருந்தது, என் பேர் இல்லை. இன்டர்வியூவில் என்னிடம் கேட்டது, வெளியூர் மாற்றல் வந்தால் உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று. எனக்கு முன்னால் போன நாலு ஆண்களிடம் அதைக் கேட்கவில்லை, வெளியே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். பயிற்சிக்கு வந்தபோது நான் டே புக், அதாவது அன்றாட வரவு செலவு ஏடு, எழுதச் சொல்லிக் கொடுத்த புரொபேஷனரி ஆபீசர் ஒருவர் அந்த மாதம்தான் எங்கள் கிளைக்கே மேலாளராக வந்திருந்தார். நல்ல பையன், அவர் மேல் தப்பில்லை. நான் ரெக்கார்டு ரூமுக்குப் போய், நூல் கோத்துத் தைத்த வவுச்சர் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, ரத்தான ஒரு வவுச்சரின் பின்பக்கத்தில் ராஜினாமா எழுதிப் பார்த்தேன். மூன்று வரிதான் வந்தது.

அப்போது கவுண்டரில் சத்தம். கேஷ் மூடியாயிற்று, நாளைக்கு வாங்க என்று யாரோ யாரையோ விரட்டுகிறார்கள். எட்டிப் பார்த்தால் மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, மஞ்சப்பையில் குழுவின் சேமிப்பு, முக்கால்வாசி சில்லறை. என்னைப் பார்த்துவிட்டார். "ஏன் தாயி மூக்கு செவந்து கெடக்கு?" என்றார். ஜலதோஷம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், "அது கெடக்கட்டும். நாளைக்கு எங்க லோன் பாரம் எழுதித் தாரேன்னு சொன்னியே, வந்துருவேல்ல? பன்னெண்டு பேரு கூலிய விட்டுட்டு வாரோம்."

மேடையில் இந்த இடத்தில் தண்ணீர் குடித்தேன்.

போனேன், பாரம் எழுதினேன் என்று மட்டும் சொன்னேன். 'இன்று மேலாளராக உயர்ந்து நிற்கிறேன்' என்று அங்கே தாவியிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஐந்து வருடம் ஆனது, 2009-இல்தான் தேறினேன், நடுவில் ஒன்றும் நடக்கவில்லை, நாளைக்கு வரப்போகிற அந்தப் பன்னிரண்டு பேர் மாதிரி யாராவது மட்டும் எப்போதும் இருந்தார்கள் என்றேன். அப்புறம் கேட்டேன், "நீங்க நிறுத்துனதை எடுக்க நாளைக்குத் திரும்பப் போனா, எங்க போவீங்க? யாருகிட்ட, எதைக் கேப்பீங்க? மொத்த வாழ்க்கைக்கும் வேண்டாம், இந்த வாரத்துக்குச் சொல்லுங்க." பதில் சொல்லச் சொல்லவில்லை. மறுபடி தண்ணீர்.

கடைசியில் ஒரு தேதியைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன், ஏனென்றால் தேதி இல்லாத ஊக்கம் சாம்பார் சாதம் வருவதற்குள் ஆறிவிடுகிறது. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், அதனால் அதைச் சொன்னேன். பொதுத்துறை வங்கி கிளார்க் பரீட்சைக்கு 28 வயது வரை நேரம் இருக்கிறது, ஆபீசர் பரீட்சைக்கு 30 வரை. பிற்படுத்தப்பட்டவர்களுக்கு மேலே மூன்று வருடம், பட்டியல் இனத்தவருக்கு ஐந்து. "ஒரு வருஷம் வீட்ல இருந்துட்டதால முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறவங்க, உங்க வயசைக் கழிச்சுப் பாருங்க." முன்வரிசையில் நிஜமாகவே விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள். எந்தக் கைதட்டலையும்விட எனக்கு அது பிடித்திருந்தது.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை ஜோக் ஒன்றை ஆசையில் நுழைத்திருந்தேன், அது பின்வரிசை அம்மாக்களிடம் எடுபடவே இல்லை, ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாக்களிடம் நேராக நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துப் பேசிய மும்முரத்தில் விட்டுவிட்டேன். வீட்டில் கல்யாணத் தேதியை முடிவு செய்கிறவர்களில் அவர்களும் உண்டு. அடுத்த முறை ஒன்று கிடைத்தால் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

விழா முடிந்து அங்கி திருப்பிக் கொடுக்கிற இடத்தில் ஒரே தள்ளுமுள்ளு. அப்போது ஒரு பெண் என்னை நோக்கி வந்தாள். அங்கி இல்லை, இடுப்பில் குழந்தை. பட்டம் வாங்கியது அவள் தங்கையாம், குழந்தை தங்கையுடையது. இவள் இதே கல்லூரியில் பி.காம். படித்து இரண்டு அரியரோடு நின்றவள்.

"அம்மா, எனக்கு இருபத்தாறு முடிஞ்சுருச்சு. இருபத்தெட்டுன்னு சொன்னீங்க. அந்த ரெண்டு பேப்பரை இப்ப எழுத விடுவாங்களா?"

விடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது அறிவிப்பதுண்டு, அது இப்போது உண்டா, இவளுக்குப் பொருந்துமா என்பதெல்லாம் எனக்கென்ன தெரியும். வா என்று கூட்டிக்கொண்டு அலுவலக ஜன்னலுக்குப் போனேன். உள்ளே ஒருவர் திரும்பி வந்த தோள்துணிகளை நிறம் நிறமாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். எந்த வருசம், எந்த மேஜர் என்று எண்ணிக்கையை விடாமலே கேட்டார். சொன்னாள். பழைய ஹால்டிக்கெட்டும் மார்க் ஷீட்டும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார், சார் வந்ததும் கேட்டுச் சொல்வதாக.

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள், "ஒரிஜினல் கொண்டு வரணுமா சார், ஜெராக்ஸ் போதுமா?"